வீட்டை நடந்து பார்க்க விடு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது ரொம்பச் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது தெருமுனைக் கடை வரை போய் வருகிறார்.

சரி, நீ கேட்ட விஷயம். கட்டப்போகும் வீட்டை விஆரில், அதாவது ஹெட்செட் மாட்டினால் கண்முன் விரியும் கணினிக் காட்சியில், காட்டினால் பாதிப் பேர் தலைசுற்றுகிறது என்று ஹெட்செட்டைக் கழற்றிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீ அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுப்பதுதான் காரணமாக இருக்கும். போய்க்கொண்டிருக்கிறோம் என்கிறது கண்; அசையவே இல்லை என்கிறது, உடம்பின் அசைவை உணரும் உள்காது. மலைப்பாதை பஸ்ஸில் புத்தகம் படித்தால் குமட்டுமே, அதுவும் இந்தச் சண்டைதான், தலைகீழாக. நேரே போவதைக்கூடப் பலர் தாங்கிக்கொள்வார்கள். உடம்பு திரும்பாமல் காட்சி மட்டும் வழுக்கித் திரும்பும்போதுதான் வயிற்றைப் புரட்டும்.

அவர்களை எழுந்து நிற்கச் சொல். அப்புறம் ஹெட்செட்டைப் பார்க்காதே, கால்களைப் பார். பழக்கமில்லாதவர் முதலில் கழுத்தை மட்டும் திருப்புவார். கழுத்து போதாமல் தோள் திரும்பும், கடைசியாகப் பாதங்கள் சின்னச் சின்னதாக நகரும். கொஞ்ச நேரத்தில் இல்லாத நிலைப்படியைக் காலைத் தூக்கித் தாண்டுவார். சமையல் மேடை மேல் கை ஊன்றப் போவார். அப்போது மட்டும் நீ பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்.

1999இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆட்களும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆட்களும் சேர்ந்து, விஆருக்குள் நகரும் மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: நிஜமாக நடப்பது, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பது, பொத்தானை அழுத்தி மிதந்து போவது. இயல்பாக நகர்வதில் நடையை மற்ற இரண்டும் எட்டவில்லை. உள்ளே இருக்கிறோம் என்ற உணர்வில் மிதப்பதுதான் ரொம்பப் பின்தங்கியது.

அவ்வளவு பெரிய இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பாய். அதற்கும் ஒரு வழி உண்டு. 2001இல் அதே வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஷரீஃப் ரஸாக்கும் அவருடைய குழுவும் ஒன்று செய்தார்கள். நடப்பவருக்குத் தெரியாமல் காட்சியை மெல்ல மெல்லச் சுழற்றினால், அதைச் சரிசெய்ய உடம்பு தானாகவே வளையும். நேரே போகிறோம் என்று நம்பிக்கொண்டே, இருக்கிற இடத்துக்குள் வளைந்து நடப்பார். ஜெர்மனியில் ஸ்டைனிக்கே குழு 2010இல் இதை அளந்தது: சுமார் 22 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நடந்தாலும் தெரியாது, தூரத்தைக் கால் பங்கு வரை கூட்டிக் காட்டினாலும் தெரியாது. நம் உடம்புக்கு நேர்கோடு அவ்வளவு நிச்சயமில்லை. கண்ணைக் கட்டிவிட்டால் வெட்டவெளியிலும் மனிதர்கள் வட்டமடிக்கிறார்கள்; சில சமயம் வெறும் 20 மீட்டர் விட்டத்துக்குள்ளேயே.

படிக்கப் படிக்க எனக்கு அலுக்காத ஆராய்ச்சி இது. ஆனாலும், செல்வி, உன் வேலைக்கு வேண்டாம். விளையாட்டில் காடு மேடு சுற்றுகிறவருக்குத் தூரம் கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? உன்னிடம் வருகிறவர் படுக்கையறை போதுமா என்று தெரிந்துகொள்ள வருகிறார். அவர் எடுத்துவைக்கும் ஓர் அடி அங்கேயும் ஓர் அடியாகவே இருக்க வேண்டும்.

உன் அலுவலக மாடி ஹாலைக் காலி செய். பன்னிரண்டுக்குப் பத்தடி அறை அதில் தாராளமாக அடங்கும். ஒவ்வோர் அறையாக, நிஜ அளவில், அவரே நடந்து பார்க்கட்டும். அடுத்த அறைக்கு மட்டும் டெலிபோர்ட் வை, அதாவது நடக்காமல் நொடியில் அங்கே போய் நிற்கிற வசதி. ஒரே தாவாகத் தாவினால் அவ்வளவாகக் குமட்டாது, ஆனால் திசை குழம்பிவிடும். அதனால் கதவுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்து, பார்த்துக்கொண்டிருந்த திசையை மாற்றாதே. திரும்புவதை எப்போதும் அவர் உடம்புக்கே விட்டுவிடு. வயர் இல்லாத ஹெட்செட்டாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காலில் சுற்றிக்கொள்ளும்.

வட கரோலினாவில் 1980களிலேயே, கட்டப்போகும் சிட்டர்சன் ஹால் என்ற தங்கள் கணினித் துறைக் கட்டடத்தைக் கணினியில் நடந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே பயன்படுத்தப்போகிறவர்களுக்கு முன்கூடத்துத் தடுப்புச் சுவர் இடத்தை நெருக்குவதுபோல இருந்தது. கட்டடக் கலைஞர்களும் அதை மாற்றிக்கொண்டார்கள். வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டுகிற எத்தனை பேருக்கு உன்னிடம் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறது?

ஹாலின் நீள அகலமும், நடுவில் தூண் ஏதாவது இருந்தால் அதன் இடமும் எழுதி அனுப்பு. எந்த அறையை எந்த மூலையிலிருந்து தொடங்கலாம் என்று போட்டுத் தருகிறேன். சின்னவளுக்கு என் அன்பு.

அன்புடன்,
மங்கை