புறக்கோட்டை முதலாளிமாருக்கு: மூட்டையில் உங்கள் பெயரைப் போடுங்கள்

நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களின் மொத்த வியாபாரிகளுக்கு வணக்கம்.

உங்களிடம் மிளகும் மல்லியும் கருவாடும் எடுத்து வெள்ளவத்தையில் சில்லறைக்கு விற்பவன் நான். "இது எந்த ஊர் மிளகு?" என்று வாடிக்கையாளர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்கள் கடைப் பையன்களைக் கேட்டால், "நல்ல சாமான் அண்ணே, எடுங்க" என்கிறார்கள். சாமான் நல்லதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் போட்டு விற்பது இன்றைய கம்பனிகள் கண்டுபிடித்ததல்ல. இத்தாலியில், பழைய ரோமர் காலத்துப் பொம்பெயி நகரில் ஸ்கௌருஸ் என்றொரு வியாபாரி இருந்தார். மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் 'காரும்' என்ற சாறுதான் அவர் சரக்கு. நம் கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம். எந்த மீன், என்ன தரம், 'ஸ்கௌருஸின் பட்டறையிலிருந்து' என்றெல்லாம் ஜாடியில் எழுதினார். அதோடு விடவில்லை. தன் வீட்டுத் தரையிலேயே அந்த ஜாடிகளை எழுத்தோடு சேர்த்துச் சிறு கற்களால் பதித்தார். 79ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பல் ஊரையே மூடியது. தரையில் பதித்த பெயர் இன்றும் இருக்கிறது.

தென் ஸ்பெயினிலிருந்து ரோமுக்குப் போன ஒலிவ் எண்ணெய்ச் சாடிகளும் அப்படித்தான். கைப்பிடியில் முத்திரை, உடலில் வெறுஞ்சாடியின் நிறை, எண்ணெயின் நிறை, அனுப்பியவர் பெயர். உடைத்துப் போட்ட சாடிகள் குவிந்தே ரோமில் மொன்டே டெஸ்டாச்சியோ என்றொரு குன்று உருவாகிவிட்டது. அந்தக் குப்பையிலும் யார் அனுப்பிய எண்ணெய் என்று ஆய்வாளர்கள் படித்துவிடுகிறார்கள். போன வாரம் நான் எடுத்த மூட்டையில் அது தெரியவில்லையே!

"பெயர் போட்டால் அடுத்தவன் கொப்பி அடிப்பான்" என்பீர்கள். உண்மைதான். அதே ரோமர் காலத்தில் இத்தாலியில் 'ஃபோர்ட்டிஸ்' என்ற பெயரில் செய்த களிமண் விளக்கை, பெயர் முத்திரையோடு சேர்த்தே, பல மாகாணங்களில் கொப்பி அடித்தார்கள். அதற்குத்தான் பொது முத்திரை வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்கின் மேல் சோழரின் புலிச் சின்னம் பொறித்த பிறகே வெளியே அனுப்பினார்கள் என்கிறது பட்டினப்பாலை. இன்று நம் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும், இங்கேயே பொதி செய்த கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்கு மட்டும்தான்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விளைந்த ஊர், அறுவடை மாதம், நிறை, உங்கள் கடைப் பெயர்: இந்த நான்கும் மூட்டையில் இருக்கட்டும். உங்கள் சங்கம் சோதித்து ஒரு பொது முத்திரை குத்தட்டும். அப்படி வரும் முதல் மூட்டையை, எழுத்து வெளியே தெரியும்படி, என் கடை வாசலிலேயே வைத்து விற்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைச் சில்லறைக் கடைக்காரன்