சர்க்கரை எங்கே போனது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ விட்டுப்போன கொம்புச்சா (சர்க்கரை போட்டுப் புளிக்கவைக்கும் டீ) ஜாடி சமையல் மேடையில் பத்திரமாக இருக்கிறது. "சர்க்கரை எல்லாம் எங்கேப்பா போச்சு?" என்று கேட்டாயே, போனில் பாதிதான் சொல்ல முடிந்தது.

நீ சொன்ன அளவுதான் போட்டேன். ஒரு லிட்டர் டீத்தண்ணீருக்கு 70 கிராம் சர்க்கரை, போன தடவை புளித்த நீர் அரைத் தம்ளர். அந்தப் புளித்த நீரில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் இருக்கின்றன. சர்க்கரையை ஈஸ்ட் முதலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. அப்புறம் அவற்றைத் தின்று எத்தனாலும் (ஆல்கஹால்தான்) கார்பன் டை ஆக்சைடும் வெளியே விடுகிறது. அந்த எத்தனாலைப் பாக்டீரியா எடுத்து அசிட்டிக் அமிலமாக்குகிறது, வினிகரில் இருக்கும் அதே அமிலம். குளுக்கோஸில் ஒரு பங்கு குளுக்கோனிக் அமிலமாகிறது, இன்னொரு பங்கு செல்லுலோஸாகி மேலே ஆடை கட்டுகிறது. பாலாடை போலத் தெரிந்தாலும் அதில் கொழுப்பு இல்லை. பருத்தி நூல் எதனால் ஆனதோ அதுவேதான் இதுவும். மூன்றாம் நாள் கண்ணாடித்தாள் போல மெல்லிசாகப் படர்ந்தது, ஒரு வாரத்தில் தோசைக் கனம் வந்துவிட்டது. எத்தனை வருஷம் வேதியியல் நடத்தியிருக்கிறேன், இதை இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

புளிப்பை அளக்கும் பிஎச் தாளில் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) முதல் நாள் 4-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. இந்த வெயிலுக்கு ஆறாம் நாளே 3-க்கு இறங்கிவிட்டது. டீயின் நிறமும் வெளுத்தது. கட்டன் டீயில் எலுமிச்சை பிழிந்தால் வெளுக்குமே, அதேதான். காஃபீன் மட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதனால் ராத்திரியில் குடிக்காதே.

நீ பாட்டிலில் அடைத்து வைப்பதுதான் எனக்குக் கவலை. ஜாடியைத் துணியால் மூடும்போது காற்று போகும், பாக்டீரியாவுக்கு அது வேண்டும். பாட்டிலை இறுக்கி மூடினால் அதன் வேலை நின்றுவிடும். ஈஸ்ட்டுக்குக் காற்றே வேண்டாம், மிச்சச் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். வாயு ஏறும், ஆல்கஹாலும் ஏறும். அமெரிக்காவில் 0.5 சதவீதம் தொட்டாலே மதுபானக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பழச்சாறு சேர்த்தால் இன்னும் வேகம். கண்ணாடி வெடித்தால் முகத்தில்தான் தெறிக்கும், அம்மாடி. இரண்டு நாளில் ஃபிரிட்ஜில் வைத்துவிடு.

ஆடையில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் ஆடையோடு மொத்தத்தையும் கொட்டிவிடு. பிஎச் தாள் ஒரு கட்டு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். 4-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் வாயில் வைக்க வேண்டும், சரியா?

அன்புடன்,
அப்பா