கைப்பந்துக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளுடன் வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மைதான விளக்குகள் சரிசெய்யப்பட்டன. கிழிந்த வலைகளை மாற்றினோம். கோடை முகாமும் நல்லபடியாக நடந்தது. அதன் மாலை வகுப்புகளுக்கு ஒரே ஒரு வீரரின் ஆட்ட வாழ்க்கையைப் பாடமாக வைத்தோம். அவரைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் கார்ச் கிராய். ஒலிம்பிக்கில் அரங்கக் கைப்பந்து, கடற்கரைக் கைப்பந்து இரண்டிலும் தங்கம் வென்றவர் உலகிலேயே அவர் ஒருவர்தான். 1984, 1988 இரண்டு முறையும் அரங்கத்தில். 1996இல் அட்லாண்டாவில் கென்ட் ஸ்டெஃபஸுடன் மணலில். கடற்கரை ஆட்டம் ஒலிம்பிக்கில் சேர்ந்ததே அந்த ஆண்டுதான்.

அவருடைய தந்தை லாஸ்லோ, ஹங்கேரியின் இளையோர் தேசிய அணியில் ஆடியவர். 1956 புரட்சி ஒடுக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறினார். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் வளர்ந்த மகன், 11 வயதில் அப்பாவையே ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு கடற்கரைப் போட்டியில் இறங்கினான். பிள்ளையை மைதான வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். படிப்பு கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கும் ஒரு செய்தி: லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்கு ஆடிக்கொண்டே அவர் உயிர்வேதியியலில் பட்டம் பெற்றார்.

மணலில் ஓர் அணிக்கு இருவர்தான். எதிரணி போட்ட சர்வீஸை எடுத்தவரே எழுந்து ஓடி அடிக்கவும் வேண்டும். லிஃப்ட், அதாவது அடிப்பவருக்காகப் பந்தை உயர்த்திக் கொடுப்பது, எனக்கு வராது என்று ஒதுங்க முடியாது. கால் புதையும், காற்று பந்தைத் திருப்பும். அங்கே பழுத்த கைகளை நம்பித்தான் 1984 அமெரிக்க அரங்க அணியின் பயிற்சியாளர் டக் பீல் ஒரு துணிச்சலான ஏற்பாட்டைச் செய்தார். எதிரணியின் சர்வீஸை எடுக்கும் பொறுப்பு கிராய், ஆல்டிஸ் பெர்சின்ஸ் ஆகிய இருவருக்கு மட்டுமே. ஆடுகளத்தின் 9 மீட்டர் அகலத்தையும் அவர்கள் காத்தார்கள்; மற்றவர்கள் தங்கள் வேலையைக் கவலையின்றிப் பார்த்தார்கள். அணியிலேயே வயதில் இளையவர் கிராய்தான் என்பதை இங்குள்ள சிறுவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

2001இல் கடற்கரை ஆடுகளம் சுருக்கப்பட்டது, புள்ளி முறையும் மாறியது. அப்போது அவருக்கு 40 வயது. புதிய முறைக்கும் பழகி, 2005இல் 44 வயதில் ஹன்டிங்டன் பீச்சில் தமது 148ஆவது பட்டத்தை வென்றார். பின்னர் அவர் பயிற்றுவித்த அமெரிக்க மகளிர் அணி, டோக்கியோ ஒலிம்பிக்கில் தன் முதல் தங்கத்தைப் பெற்றது.

நம் முகாமில், உயரமானவன் என்பதற்காகவே எப்போதும் வலையோரம் நிறுத்தப்பட்டு வந்த மாணவன் ஒருவன் முதல் நாள் சர்வீஸைத் தொடவே தயங்கினான். இருவர் ஆட்டம் தொடங்கியபின் பந்து அவனைத் தேடித்தேடி வந்தது. முகாம் முடிவதற்குள் முழங்காலை மடக்கி, இரு கைகளையும் சேர்த்து, பந்தை லிஃப்டரின் தலைக்கு மேலேயே கொண்டுபோய் வைத்தான். எத்தனை பிள்ளைகளின் திறமையை இப்படி மூலையில் நிறுத்தி வைத்திருக்கிறோமோ என்று அன்று மனம் வருந்தியது.

எனவே 14 வயதுக்குட்பட்டோருக்கு ஆட்டத்தில் நிலையான இடம் ஒதுக்குவதை நிறுத்தச் செயற்குழு முடிவு செய்துள்ளது. மைதானத்தின் கிழக்குப் பக்கம் 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் மணல் ஆடுகளம் அமைக்கவும், அதைச் சுற்றிப் போதிய இடம் விடவும் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறோம். சல்லடையிட்ட மணலுக்கும் லாரி வாடகைக்கும் நன்கொடை தர விரும்புவோர் இன்றே பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்