பந்து வராத பக்கத்தையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லூரி ஆட்டத்தை முடித்து, தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகளுக்குப் போகக் காத்திருக்கும் கார்னர்பேக் வீரர்களை, அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணியினரைக் காவல் காப்பவர்களை, வரிசைப்படுத்தி ஓர் அட்டவணையும் போட்டிருந்தீர்கள். அதில் இரண்டே அளவுகோல்கள்: எதிரணி எறிந்த பந்தை எத்தனை முறை பறித்தார், 40 யார்டை எத்தனை விநாடியில் ஓடினார். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறீர்களே என்று எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்த வரிசையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் ஒஹாயோ மாநிலம் டொலிடோவில் இருக்கிறோம். என் மகன் பள்ளி அணியில் கார்னர்பேக். பயிற்சியாளர் கேட்டுக்கொண்டதால், வெள்ளிக்கிழமை இரவு ஆட்டங்களை கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரத்தில் நின்று வீடியோ எடுத்துக் கொடுக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் ஆட்டமே வேறு. டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். கார்னர்பேக் பெரும்பாலும் திரைக்கு வெளியேதான் இருப்பார். பந்து அவர் பக்கம் வந்தால்தான் கண்ணில் படுவார். ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது முறை அவர் களத்தில் நின்றிருக்க, நாம் பார்ப்பது ஐந்தாறு முறைதான். அந்த ஐந்தாறை வைத்துத்தான் உங்கள் அட்டவணை பேசுகிறது.

அவருடைய வேலை என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்குத் தான் எங்கே திரும்பப்போகிறோம் என்று தெரியும். கார்னர்பேக்குக்குத் தெரியாது. அவர் அரைக் குனிவில் பின்பக்கமாகவே ஓடத் தொடங்குகிறார். எட்டு, பத்து யார்டு வந்ததும் ரிசீவர் ஒரு பக்கம் தோளைச் சாய்த்துக் காட்டுவார். அவசரக்காரப் பையன் அதை நம்பி இடுப்பைத் திருப்பிவிடுவான். திருப்பிய இடுப்பை மறுபக்கம் கொண்டுவருவதற்குள் ரிசீவர் இரண்டு மூன்று யார்டு தள்ளிப் போயிருப்பார்; அவ்வளவுதான், பந்து வந்து விழும். கபடியில் மூலையில் நிற்கும் நல்ல ஆட்டக்காரர் ரெய்டரின் கையாட்டத்தை நம்புவதில்லை அல்லவா, அதுபோல நல்ல கார்னர்பேக்கும் தோளையும் கண்ணையும் நம்பமாட்டார். ரிசீவரின் இடுப்பிலேயே பார்வையை வைத்திருப்பார்.

அதற்குப் பிறகு வருவதுதான் இன்னும் கடினம். இருவரும் தோளோடு தோளாக ஓடுகிறார்கள்; பந்து முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும். அதனால் ரிசீவரின் கைகளைத்தான் பார்க்க வேண்டும். அவர் கை உயர்ந்தால் பந்து வந்துவிட்டது என்று பொருள்; அந்தக் கணத்தில் இரண்டு கைகளுக்கும் நடுவே தன் கையைச் செலுத்திப் பந்தைத் தட்டிவிட வேண்டும். கெட்டிக்கார ரிசீவர்கள் கடைசி நொடிவரை கையைத் தூக்கவே மாட்டார்கள். பதறிப்போய் முன்கூட்டியே இடித்தால் ஃபவுல். இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் புள்ளிவிவரத்தில் அவருக்கு ஒரு இன்டர்செப்ஷன் (பந்துப் பறிப்பு) கூடச் சேராது. முதலிலிருந்தே ஒட்டிக்கொண்டு ஓடியிருந்தால் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அந்தப் பக்கம் எறிந்திருக்கவே மாட்டார். அப்போது அட்டவணையில் ஒன்றுமே ஏறாது.

நான் சொல்வதற்கு எங்கள் ஊரே சாட்சி. குவின்யன் மிட்சல், ஃபுளோரிடாவின் வில்லிஸ்டனிலிருந்து வந்து டொலிடோ பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். இங்கே கிளாஸ் பௌல் மைதானத்தில் நவம்பர் மாதச் செவ்வாய், புதன் இரவுகளில் குளிரில் நடுங்கிக்கொண்டு ஆட்டம் பார்ப்பவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். 2022 அக்டோபரில் நார்த்தர்ன் இல்லினாய் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு முறை பந்தைப் பறித்தார். அதில் இரண்டை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டுபோய் டச்டவுனும் ஆக்கினார். அந்தப் பருவத்தில் மொத்தம் ஐந்து. அடுத்த பருவத்தில் ஒன்றே ஒன்று. உங்கள் அளவுகோலின்படி 2023-ல் அவர் தேய்ந்துபோய்விட்டார். உண்மையில் அந்த ஆண்டும் அவர் தட்டிவிட்ட பந்துகளுக்குக் குறைவில்லை.

அவர்மேல் நியாயமான சந்தேகங்களும் இருந்தன. டொலிடோ ஆடும் மிட் அமெரிக்கன் பிரிவில் அவர் எதிர்கொண்ட ரிசீவர்கள் பெரும்பாலும் என்.எஃப்.எல். தரத்தினர் அல்ல. தவிர, டொலிடோவில் அவர் பெரும்பாலும் ஏழெட்டு யார்டு தள்ளி நின்று, குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்துப் பாய்கிற வகை ஆட்டம் ஆடினார். முகத்துக்கு முகம் நின்று ரிசீவரை மறிக்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி. 2024 தொடக்கத்தில் அலபாமாவின் மொபைல் நகரில், கல்லூரி ஆட்டத்தை முடிக்கும் வீரர்களுக்கான சீனியர் பௌல் பயிற்சியில் அதற்கு விடை கிடைத்தது. பெரிய கல்லூரிகளின் ரிசீவர்களை ஒற்றைக்கு ஒற்றை மறித்துக் காட்டினார். பிறகு, டிராஃப்டுக்கு முன் வீரர்களின் உடல்திறனைச் சோதிக்கும் கம்பைனில் 40 யார்டை 4.33 விநாடியில் ஓடினார். ஆனால் அந்த ஓட்டம் வேகத்தைத்தான் சொன்னது; ஆட்டம் தெரியுமா என்ற கேள்விக்கு மொபைலிலேயே பதில் வந்துவிட்டது. ஏப்ரலில் பக்கத்து டெட்ராய்ட்டில் நடந்த டிராஃப்டில், கார்னர்பேக்குகளில் முதல் ஆளாக, 22-வது இடத்தில் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டின் லீக் ஆட்டங்கள் முழுவதிலும் அவருக்கு இன்டர்செப்ஷன் பூஜ்யம். ஆனாலும் அணி அவரை வெளியே உட்கார வைக்கவில்லை. அதற்குப் பிறகு வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் இரண்டு பறித்தார். 2025 பிப்ரவரியில் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை ஈகிள்ஸ் வென்றது.

அவர் மட்டுமல்ல. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் அஹ்மட் 'சாஸ்' கார்ட்னர் கல்லூரிக் காலம் முழுவதும் தன் காவலில் ஒரு டச்டவுன் கூட விட்டுக்கொடுக்காதவர். 2022 டிராஃப்டில் நான்காவது ஆளாக அவரை நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது. 2023-ல் அவருக்கு இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டும், லீகின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணியில் அவர் பெயர் இருந்தது. உடல் அளவும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது: அவருடைய கை நீளம் 33 அங்குலத்துக்கு மேல். அதே பட்டியலில் இருந்த கான்சஸ் சிட்டியின் ட்ரென்ட் மெக்டஃபிக்கு 30 அங்குலம்கூட இல்லை. ஓட்ட வேகமே எல்லாம் அல்ல என்பதற்கு ரிச்சர்ட் ஷெர்மன் ஒருவர் போதும். ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து கார்னர்பேக் ஆனவர், கம்பைனில் 4.56 விநாடி, 2011-ல் ஐந்தாம் சுற்றில் 154-வது ஆள். 2013-ல் லீகிலேயே அதிகமாக எட்டு முறை பந்தைப் பறித்தவரும் அவரே.

வேகம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஏமாந்துபோன ஒரு நொடியை மீட்டுக்கொள்ள வேகம்தான் கைகொடுக்கும். ஆனால் அடிக்கடி ஏமாறுகிறவருக்கு எந்த வேகமும் போதாது.

உங்கள் கட்டுரை தொடாமலே விட்ட இன்னொன்று: கல்லூரி விதியும் தொழில்முறை விதியும் ஒன்றல்ல. என்.எஃப்.எல்.லில் ஐந்து யார்டுக்கு மேல் ரிசீவரைப் பிடித்து நிறுத்தக்கூடாது. கல்லூரியில் பந்து எறியப்படும்வரை அதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. பந்தைப் பிடிக்கவிடாமல் இடித்தால் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு தண்டனை. என்.எஃப்.எல்.லில் எங்கே இடித்தாரோ அங்கேயே பந்து வைக்கப்படும். அது 40 யார்டாகவும் இருக்கலாம். கையால் பிடித்து ஆடியே கல்லூரியில் பெயர் வாங்கியவர் அங்கே போய் முதல் மாதத்திலேயே அணியைத் தோற்கடிப்பார். ஒவ்வொரு முறையும் பந்தை எந்த இரண்டு வரிசைக் குறிகளுக்குள் வைத்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்களோ, களத்தின் அந்த நடுக்கோடுகளும் வேறு. கல்லூரியில் அவற்றுக்கு இடையே 40 அடி; என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். அதனால் கல்லூரி ஆட்டத்தில் ஒரு பக்கம் குறுகலாகவும் மறுபக்கம் அகலமாகவும் அமைந்துவிடும். எப்போதும் குறுகிய பக்கத்திலேயே நின்றவருக்கு எல்லைக்கோடே துணை. அகலப் பக்கத்தில் எப்படி ஆடினார் என்று பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இதை நான் வருத்தத்தோடு எழுதக் காரணம் உண்டு. இங்கே பள்ளியில் ஆடும் பையன்கள் இந்த மாதிரி வரிசைகளைத்தான் பார்க்கிறார்கள். இன்டர்செப்ஷன்தான் கல்லூரியில் இடம் வாங்கித் தரும் என்று நினைத்து, காவலை விட்டுவிட்டுப் பந்தின் மேல் பாய்கிறார்கள். பத்தில் ஒன்று கிடைக்கும். ஒட்டி வெட்டி வீடியோ போடுவார்கள். மற்ற ஒன்பதில் தலைக்கு மேல் போன பந்துகளை நான் எடுத்த படத்தில் பார்க்கிறேன். அடுத்த நாள் பயிற்சியாளர் அதைப் போட்டுக் காட்டும்போது குனிந்த தலை நிமிராத பிள்ளைகளையும் பார்க்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த டிராஃப்டுக்கு முன் இப்படிப் பட்டியல் போடும்போது மூன்று விவரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவரை நோக்கி எத்தனை பந்து எறியப்பட்டது, அதில் எத்தனை பிடிக்கப்பட்டது, எத்தனை ஃபவுல். முடிந்தால் எழுதுபவர் ஒரு முழு ஆட்டத்தை உயரத்திலிருந்து எடுத்த படத்தில், பந்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு கார்னர்பேக்கை மட்டும் கடைசிவரை பார்க்கட்டும். இரண்டாவது கால்மணி முடிவதற்குள் அந்த வரிசையை அவரே மாற்றி எழுதிவிடுவார்.

இப்படிக்கு,
வாசகி,
டொலிடோ, ஒஹாயோ