'மெனு'வுக்குத் தமிழ் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கணிமைக் கலைச்சொற்களை வகுக்கும் அறிஞர்களுக்கும், செயலிகளைத் தமிழாக்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் என் கைபேசியில் ஒரு செயலியைத் தமிழுக்கு மாற்றியபோது, திரையின் மூலையில் 'மெயின் மெனு' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'முதன்மை உணவுப்பட்டியல்' என்று வந்தது. தொட்டால் இட்லியும் வரவில்லை, பொங்கலும் வரவில்லை. அமைப்புகள், உதவி, வெளியேறு என்று மூன்று வரிகள் விரிந்தன. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதே செயலியின் அடுத்த பக்கத்தில் அது 'பட்டி'யாகவும், அதற்கடுத்த பக்கத்தில் வெறும் 'பட்டிய'லாகவும் மாறியிருந்ததால் இம்மடலை எழுத நேர்ந்தது.

'மெனு' பிறப்பால் உணவுச் சொல்லே அன்று. இலத்தீனில் குறைத்தல், சிறிதாக்குதல் என்று பொருள்படும் 'மினுவேரே' என்ற வினையிலிருந்து வந்த 'மினூத்துஸ்' என்ற சொல்தான், பிரெஞ்சில் 'மெனு' என்று தேய்ந்து, சிறியது, நுணுக்கமானது என்ற பொருளில் வழங்கியது. மணியின் 60 கூறுகளில் ஒன்றை ஆங்கிலத்தில் 'மினிட்' என்பதும் இதே வேரிலிருந்துதான். விருந்தில் பரிமாறப்படுவனவற்றை விவரமாக எழுதிய குறிப்புக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இச்சொல்லை ஆண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போனது.

வேடிக்கை என்னவென்றால், இன்றும் பிரான்சின் உணவகங்களில் 'மெனு' என்பது பெரும்பாலும் ஒரே விலைக்கு வரிசையாகப் பரிமாறப்படும் முழுச் சாப்பாட்டையே குறிக்கும். நாம் மெனு என்று கேட்டு வாங்கும் அட்டைக்கு அங்கே 'கார்த்' என்று பெயர். நம்மூர்க் கணக்கில் சொன்னால், அவர்களுடைய மெனு நம் 'மீல்ஸ்'. தெரிவுகளின் வரிசைக்கு உலகமே வழங்கும் சொல், தன் பிறந்த வீட்டில் தெரிவு குறைந்த ஒன்றுக்குப் பெயராக இருக்கிறது.

கணினித் துறையினர் 1960களில் உணவகத்திலிருந்தே இதைக் கடன் வாங்கினார்கள். கட்டளைகளை நினைவில் வைத்துத் தட்டச்சிடாமல், கண்முன் இருப்பவற்றுள் ஒன்றைக் காட்டினால் போதும் என்பதே அவ்வுவமையின் பயன். 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியின் திரை உச்சியில், சுட்டியால் (மவுஸ்) அழுத்தினால் கீழே விரியும் மெனுக்கள் இருந்தன. அங்கே உணவு கழிந்துபோயிற்று, தெரிவு மட்டுமே நின்றது. தமிழாக்கும்போது கழிந்ததை மீண்டும் கொண்டுவந்து சேர்ப்பானேன்?

'பட்டியல்' என்ற சொல்லும் இவ்விடத்துக்குப் பொருந்தாது. வாக்காளர் பட்டியலிலோ விலைப்பட்டியலிலோ நாம் படிக்கிறோம், சரிபார்க்கிறோம். ஒன்றைத் தொட்டு ஏவுவதில்லை. 'பட்டி' சுருக்கமானது, பல மென்பொருள்களில் ஊன்றியும்விட்டது. ஆயினும் முதன்முறை காண்பவருக்கு மாட்டுப்பட்டியும் கோவில்பட்டியுமே நினைவுக்கு வரும். 'தேர்வுப் பட்டி' என்றால் மாணவர்கள் பரீட்சை என்று அஞ்சுவார்கள். ஈழத்தில் இயல்பாக வழங்கும் 'தெரிவு' என்ற சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே: இடமிருக்கும் திரைகளில் 'தெரிவுப்பட்டி' என்றும், இடம் குறுகிய பொத்தான்களில் 'பட்டி' என்றும் எழுதுங்கள், 'பட்டியல்' என்பதைப் பட்டியலுக்கே விட்டுவிடுங்கள். எல்லோரும் ஒப்பினால் 'மெனு' என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை, ஒரே செயலிக்குள் அது மூன்று பெயரில் வராதிருந்தால் சரி. 'உணவுப்பட்டியல்' என்பதை மட்டும் சமையற்கட்டு உள்ள இடங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழில் கைபேசி பயன்படுத்தும் ஒருவர்