துப்பாக்கி செய்த கம்பெனிக்கும் ஒரு பில் அனுப்புங்கள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். அதாவது உங்கள் நாட்டு ஆஸ்பத்திரி சார்ட்டுகளைப் படித்து, என்ன காயம், என்ன சிகிச்சை என்று அதற்குரிய குறியீட்டு எண்ணை, அதாவது 'கோடு' போட்டு பில்லுக்கு அனுப்புகிற வேலை. துப்பாக்கிக் கம்பெனிகளிடம் கட்டணம் கேட்டு உங்கள் முன் வந்திருக்கும் மசோதா பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் மாநிலத்தில் எனக்கு ஓட்டு கிடையாது, நீங்கள் தமிழ் படிக்கப் போவதும் இல்லை. ஆனால் சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் ஓட்டுள்ள தமிழர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மூலமாகவாவது உங்கள் காதுக்கு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கைத்துப்பாக்கியால் ஒருவர் இன்னொருவரைச் சுட்டால் நான் போடும் கோடு எக்ஸ்93. தன்னைத்தானே சுட்டுக்கொண்டால் எக்ஸ்72. தவறுதலாக வெடித்தால் டபிள்யூ32. கடைசி எழுத்து ஏ என்றால் இப்போதுதான் சிகிச்சை நடக்கிறது, டி என்றால் அதற்குப் பிறகான தொடர் கவனிப்பு, எஸ் என்றால் காயம் ஆறியும் விடாத பின்விளைவு. தொடை எலும்பு சிதறிய ஆளுக்குப் பிளேட் வைத்திருந்தால் அது எந்தக் கம்பெனி பிளேட், லாட் நம்பர் என்ன என்பதுவரை ஆஸ்பத்திரிப் பதிவில் இருக்கும். எலும்பைச் சிதறடித்த துப்பாக்கி எந்தக் கம்பெனியுடையது என்பதற்கு மட்டும் நான் போடும் கோடுகளில் இடம் கிடையாது.

பில் யாருக்குப் போகிறது? உங்கள் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2021இல் கணக்குப் பார்த்துச் சொன்னது: துப்பாக்கிக் காயங்களுக்கான முதல்கட்ட ஆஸ்பத்திரிச் செலவே வருடத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல், அதில் 60 சதவீதத்துக்கும் அதிகம் மெடிகெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கானது) போன்ற அரசுக் காப்பீடுகளின் தலையில். இதில் ஆம்புலன்ஸ் இல்லை, போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, சக்கர நாற்காலியில் கழியப்போகும் மீதி வாழ்க்கையும் இல்லை.

துப்பாக்கிக் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், சிகாகோ நகரம் 1998இலேயே போட்டுப் பார்த்தது, 2004இல் உங்கள் மாநில உச்ச நீதிமன்றமே அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வருடம் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் வந்து, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, தயாரிப்பாளர்மேல் வழக்கே போட முடியாதபடி கதவைச் சாத்திவிட்டது. 2012இல் சேண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் பலியானவர்களின் குடும்பங்கள் அந்த விதிவிலக்குகளில் ஒன்றைப் பிடித்து வருடக்கணக்காகப் போராடி 2022இல் 7.3 கோடி டாலருக்குச் சமரசம் கண்டார்கள். அதையும் கொடுத்தவை இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான், அந்தத் துப்பாக்கியைச் செய்த ரெமிங்டன் கம்பெனி அதற்குள் திவாலாகிவிட்டது.

அதனால்தான் ரைஃபிள் (RIFL, இது மசோதாப் பெயரின் சுருக்கம், துப்பாக்கி வகை இல்லை) மசோதா என்று உங்கள் முன் வந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அது யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. இந்த மாநிலத்தில் விற்கப்படும் துப்பாக்கிகளைச் செய்கிறவர் லைசென்ஸ் எடு, உன் துப்பாக்கிகளால் இங்கே எவ்வளவு சேதமோ அதற்கேற்ற கட்டணம் கட்டு என்கிறது, அவ்வளவுதான்.

உடனே வரும் கேள்வி தெரியும். குடித்துவிட்டுக் கார் ஓட்டியவனுக்காக கார் கம்பெனியிடம் காசு கேட்பீர்களா? சரி, கேட்கமாட்டோம். ஆனால் காரில் கோளாறு என்றால் அரசாங்கம் திரும்பப் பெறச் சொல்லலாம். துப்பாக்கியை மட்டும் உங்கள் நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தொடவே கூடாது என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறீர்கள். இன்னொன்று, துப்பாக்கிக் கம்பெனிகளிடம் காசு வாங்குவது உங்களுக்குப் புதிதும் இல்லை. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீத வரி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் என்று இன்றுவரை கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்தப் பணம் 1937இல் வந்த ஒரு சட்டத்தின் வழியாகக் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பாதுகாக்கப் போகிறது. மானுக்குக் கொடுக்கலாமாம், மனிதனுக்குக் கேட்டால் துப்பாக்கி வைத்திருக்க உரிமை தரும் அரசியல் சாசனம் குறுக்கே வருமாம்!

விலை ஏறும், வாங்குகிறவர் தலையில் விழும் என்பார்கள். விழட்டும், இப்போது துப்பாக்கியே வாங்காதவர் தலையில் அல்லவா விழுகிறது. அதைவிட முக்கியம், சேதத்துக்கு ஏற்ற கட்டணம் என்றால் தன் சரக்கு எந்தக் கடை வழியாக எங்கே போகிறது என்று கம்பெனிக்காரனே பார்ப்பான். 2000இல் வெளிவந்த அரசு அறிக்கை ஒன்றில், போலீஸ் தடம் பார்க்கச் சொன்ன துப்பாக்கிகளில் 57 சதவீதம் வெறும் 1.2 சதவீத டீலர்களிடம் போய் நின்றது. அந்த டீலர்களுக்கு யார் சப்ளை செய்தார்கள் என்பது கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் இல்லாமலா இருக்கும்?

மசோதாவில் ஒன்றை மட்டும் கெட்டியாக எழுதிவிடுங்கள். 1998இல் சிகரெட் கம்பெனிகள் மாநிலங்களுக்குக் கட்ட ஒப்புக்கொண்ட புகையிலை ஒப்பந்தப் பணத்தைப் பல மாநிலங்கள் பட்ஜெட் ஓட்டையை அடைக்க எடுத்துக்கொண்டன. இந்த நிதியும் அப்படிப் போகக் கூடாது. அதே 2021 அறிக்கையில், துப்பாக்கிக் காயத்தோடு அட்மிட் ஆகிப் பிழைத்தவர்களில் 16 சதவீதம் பேர்வரை ஒரு வருடத்துக்குள் அதே காயத்துக்காகத் திரும்ப அட்மிட் ஆனதாக இருக்கிறது. பிசியோதெரபி, மனநல சிகிச்சை, வேலைக்குப் போக முடியாத மாதங்களின் வீட்டு வாடகை, இவற்றுக்குத்தான் முதல் உரிமை என்று சட்டத்திலேயே போட்டுவிட்டு, மசோதாவைக் கமிட்டியில் கிடத்தாமல் ஓட்டெடுப்புக்கு விடுங்கள். யார் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று நேப்பர்வில்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் காயங்களுக்குக் கோடு போடும் ஒருவர், சென்னை