எதிர்ப்பு இருக்காது என்று எழுதினீர்களே

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 28 வருடமாக உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் நான். பள்ளிகளில் போதைப் பழக்கம் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். பாதிக்கு மேல் எனக்கும் சம்மதம்தான். கடைசிப் பத்தியில்தான் மனசு ஒடிந்துபோனது. அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பதுபோல மாணவர்களைத் திடீரென்று பொறுக்கி எடுத்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டுமாம். முதல் கட்டமாக அரசுப் பள்ளிகளில் தொடங்கலாமாம், 'அங்கே பெற்றோர் எதிர்ப்பும் பெரிதாக இருக்காது' என்பதால்.

ஏன் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். அங்கே படிக்கிற பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். திரும்பும்போது இருட்டிவிடும். பள்ளியிலிருந்து ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டு அனுப்பினால், என்ன தாள் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். 'சார் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்' என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எங்களை நம்பிப் போடுகிற கையெழுத்து அது. அதைப் போய் எதிர்ப்பு இல்லாத இடம் என்று கணக்கு வைத்துவிட்டீர்களே ஐயா.

முதலில் அந்த அமெரிக்கக் கதையைப் பார்ப்போம். அங்கே எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கிறார்கள் என்ற எண்ணம் வரும்படி உங்கள் கட்டுரை போகிறது. அது சரியில்லை. ஆரிகன் மாநிலத்தில் வெர்னோனியா என்று மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த ஒரு சிறிய ஊர். அங்கே ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கால்பந்து அணியில் சேரப் போனபோது, பரிசோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட அவனுடைய பெற்றோர் மறுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளி அணியில் விளையாடுகிறவர்களைச் சோதிக்கலாம் என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. 2002-ல் ஓக்லஹோமாவின் டெகும்சே என்ற ஊரிலிருந்து போன இன்னொரு வழக்கில், பாட்டுக்குழு, பேண்டு வாத்தியம் போன்றவற்றில் இருக்கும் பிள்ளைகளையும் சோதிக்கலாம் என்றார்கள். அதுவும் நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்று பிரிந்துதான். இரண்டு தீர்ப்புமே வகுப்புக்கு வந்துவிட்டு வீட்டுக்குப் போகிற சாதாரண மாணவனைப் பற்றியவை அல்ல. வெர்னோனியாவில் சிக்கினால்கூட அணியிலிருந்துதான் நிறுத்தினார்கள். பள்ளியை விட்டு அனுப்பவில்லை, போலீஸிடம் சொல்லவும் இல்லை. இதையெல்லாம் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டாமா?

என் தங்கை மகள் டெக்சாஸில் இருக்கிறாள். அவளுடைய பெண் பள்ளி பேண்டில் புல்லாங்குழல் வாசிக்கச் சேர்ந்தபோது இப்படி ஒரு படிவம் வந்ததாம். போனில் கேட்டேன். 'மாமா, படிவத்தை மூணு தடவை படிச்சிட்டு, ஸ்கூல்ல போய் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்' என்றாள். எங்கள் ஊர் அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று, விளையாட்டு வாத்தியாராக என்னை அதிகம் உறுத்துவது. 2002 வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், கெட்டுப்போகும் வாய்ப்புக் குறைவான பிள்ளைகளைப் போய்த்தான் இது குறிவைக்கிறது என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் திரிகிற பையனைக் கபடிக் களத்துக்கு இழுத்து வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விளையாட வந்தால் டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் எவன் வந்திருப்பான்? சோதிக்கப்பட்ட பிள்ளைகளிடம் பழக்கம் கொஞ்சம் குறைந்ததாக, சோதனை இல்லாத பள்ளிகளில் 22 சதவீதம், இவர்களிடம் 16 என்று, 2010-ல் அமெரிக்க அரசு செய்த ஆய்வு சொல்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே பள்ளிகளில் மற்ற பிள்ளைகளிடம் எந்த மாற்றமும் இல்லை என்றும் அந்த ஆய்வே சொல்கிறது. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே பள்ளிகளில் இப்படிச் சோதிப்பதை ஆதரிக்கவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2011 என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் பஞ்சர் ஒட்டும் பசையான சொல்யூஷனைப் போதைக்காக முகர்கிறார்கள் என்று புகார் வந்தது. தலைமை ஆசிரியர் சொல்ல, திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் பைகளை வராந்தாவில் வரிசையாகக் கொட்டச் சொன்னேன். ஒரு பையனுடைய பையிலிருந்து டிபன் பாக்ஸ், ஜாமெட்ரி பாக்ஸ், அப்புறம் நடுவில் அமுக்கிய பஞ்சர் சொல்யூஷன் டியூப் ஒன்று விழுந்தது. எல்லாப் பிள்ளைகளும் 'ஓ' என்றார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பினேன். சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனவன், அப்புறம் வரவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து வீட்டை விசாரித்துப் போனேன். அவனுடைய அப்பாவுக்குச் சைக்கிள் கடை. தண்ணீர்த் தொட்டிக்குள் சைக்கிள் டியூபை அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான் பையன். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். 'அவன் வர மாட்டேங்கிறான் சார். எல்லாரும் சொலுஷன், சொலுஷன்னு கூப்பிடுறாங்களாம்' என்றார் அவன் அப்பா. பையன் தலை நிமிரவில்லை. அவன் அதை முகர்ந்தானா, கடை வேலைக்காக வைத்திருந்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கொட்டியதற்குப் பதில், தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. ஒரு டியூபுக்கே இந்த நிலைமை என்றால், சிறுநீர் டப்பாவில் பெயர் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பையன் ப்ளஸ் ஒன். கபடியில் நல்ல ரெய்டர். அவனாக ஒரு நாள் மைதானத்து ஓரத்தில் வந்து நின்று, கீழுதட்டை மடக்கிக் காட்டினான். கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கி ஒதுக்கி உள்ளே தோல் வெந்து வெள்ளையாக உரிந்திருந்தது. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். விட்டான், மறுபடி தொட்டான், மறுபடி விட்டான். பள்ளியில் இருந்ததால்தான் அதைப் பார்க்க முடிந்தது. படிப்பை நிறுத்திவிட்டுப் போனவனைப் பார்க்க யாருக்கு முடியும்?

பரிசோதனை என்கிறீர்களே, அது எதைக் கண்டுபிடிக்கும் என்று விசாரித்தீர்களா? சாதாரணமாகக் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் கஞ்சா தெரியும். கூல் லிப் தெரியாது, ஹான்ஸ் புகையிலை தெரியாது, சொல்யூஷனும் வொயிட்னரும் தெரியாது. இப்போது போலீஸ் பிடிக்கிற டாபென்டடால் வலி மாத்திரையும் அதில் பெரும்பாலும் சிக்காது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், முகரும் போதை பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் 1.17 சதவீதம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இரண்டு மடங்கு இருக்கிற அந்தச் சரக்கே இந்தப் பட்டையில் சிக்காது. ஆனால் கசகசா நிறைய அரைத்துப் போட்ட குருமாவைச் சாப்பிட்டு வந்த பிள்ளை, அபின் எடுத்ததாகச் சிக்க வாய்ப்பு உண்டு.

அப்புறம், எங்கே வைத்துப் பிடிப்பார்கள்? வெர்னோனியாவில் பையன் திரும்பி நிற்க, 12 அடி, 15 அடி தள்ளி ஒருவர் நின்றார். பெண் பிள்ளைகள் மூடிய கழிப்பறைக்குள் போக, வெளியே ஒரு அம்மா நின்று சத்தத்தைக் கேட்டார். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறை மூன்றில் ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள் இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாதவிலக்கு நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி உங்களுக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். இரண்டும் வரவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கும் என்று அன்றைக்கு என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பள்ளி வாசலிலிருந்து 62-வது காலடியில் ஒரு பெட்டிக்கடை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை போட்டார்கள். குழந்தைக்குப் போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு சொல்கிறது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மூன்று தடவை மனுக் கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு தடவை வந்து பார்த்தார்கள். இரண்டு நாள் கடை மூடியிருந்தது. மூன்றாம் நாள் பழையபடி தேன் மிட்டாய்க்குப் பின்னால் டப்பாவை வைத்து விற்றார்கள். விற்கிறவரைத் திடீரென்று சோதிக்க வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் எங்கேயும் காணவில்லை.

அறுநூறு பிள்ளைகளுக்கு நான் ஒருவன்தான் பி.டி. சார். பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். மனசு விட்டுப் பேச ஆலோசகர் என்று ஒருவர் என் 31 வருடத்தில் இரண்டு தடவை வந்தார். இதற்கெல்லாம் இல்லாத பணமும் ஆளும் இந்தப் பரிசோதனைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? முடிவையும் ஆசிரியர்தான் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில், ஏற்ற வேண்டியிருக்கும். அதை யார் பார்ப்பார்கள், எத்தனை வருடம் அந்தப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் 2017-ல் சொன்னார்கள். அரசுப் பள்ளிச் சீருடை போட்டவர்களுக்கு அது கிடையாது என்று அவர்கள் சொல்லவில்லை.

கட்டுரையோடு போட்ட படத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் முகத்தை மறைத்திருந்தீர்கள், நன்றி. ஆனால் சீருடை பளிச்சென்று தெரிந்தது. என் பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு, அதே சீருடை. 'தாத்தா, இது எங்களையா போட்டிருக்காங்க?' என்று இதழைக் கொண்டுவந்து காட்டினாள். நான் பதில் சொல்லவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். அமெரிக்காவில் எல்லா மாணவர்களையும் சோதிக்கும்படி அந்தத் தீர்ப்புகள் சொல்லவில்லை என்று வரும் இதழில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். அதன் கீழேயே குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். சின்ன எழுத்தில் போட்டால் ஜீப்பில் போகிறவர்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்.